கிளிக்கு எவ்வளவு கை நீளம்? கணினிக் கிளித்தட்டைச் சமன்செய்த பதிவு

கோட்டில் நின்று மறிப்பவரிடம் தொடுபடாமல் ஓடிக் கடக்கும் ஊர் விளையாட்டான கிளித்தட்டைத் திரைக்குக் கொண்டுவருவது பெரிய வேலை இல்லை. கோடு கீறி, பெட்டி பிரித்து, ஆட்களை ஓடவிட வேண்டும். கணினி விளையாட்டு செய்யும் மென்பொருளான கோடோ (Godot) எஞ்சினில் கை பழகினவருக்கு அது பொழுதுபோக்கு. நாலு பேர் உட்கார்ந்து விளையாடி, தோற்றவன் "இது அளாப்பு" (கள்ள ஆட்டம்) என்று கத்தும்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. அந்தச் சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று தேடிப்போன கதைதான் இது.

திருகோணமலைப் பாலையூற்றில் எங்கள் கொம்பியூட்டர் திருத்தும் கடையின் முன்பக்கத்தில் ஒரு பழைய டிவி சும்மா கிடந்தது. டியூசன் முடிந்து வரும் பெடியள் வாசலில் நின்று போனில் ஃப்ரீ ஃபயர் அடிப்பார்கள். வெக்கையான கச்சான் காற்று காலத்தில் பின்னேரம் நாலு மணிக்கும் வெளியில் கால் வைக்க முடியாது. மார்கழியில் வளவு முழுக்கத் தண்ணி. இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் கிளித்தட்டைக் கேள்விப்பட்டதோடு சரி, விளையாடினதில்லை. அதனால்தான் இந்த யோசனை.

ஊருக்கு ஊர் விதி மாறும் விளையாட்டு இது. நான் எடுத்தது எங்கள் ஒழுங்கையில் இருந்த விதி. மறிக்கிற பக்கத்தில் கிளி நடுக்கோட்டிலும் சுற்றுக்கோட்டிலும் எங்கேயும் ஓடலாம். மற்றவர்களுக்கு அவரவர் குறுக்குக்கோடு மட்டும். ஓடுகிறவர்கள் எல்லாக் கோட்டையும் கடந்து போய்த் திரும்பி வந்தால் ஒரு புள்ளி. திரையில் இதைச் சுருக்கினேன். மறிக்க இருவர், ஓட இருவர். மறிப்பவரில் ஒருவர் கிளி. மற்றவர் குறுக்குக்கோட்டு ஆட்களை ஒரு பொத்தானால் மாற்றி மாற்றிப் பிடிப்பார். 90 நொடிக்குப் பிறகு பக்கம் மாறும்.

பக்கம் மாறுவதால் 'எது பலமான பக்கம்' என்ற சண்டை பாதி தானாகவே அடங்கிவிடும். கிரிக்கெட்டில் இரண்டு அணியும் துடுப்பெடுத்தாடுவது போலத்தான். ஆனால் ஒரு பக்கம் எப்போதும் வென்றால் அநியாயம் இல்லாவிட்டாலும் விளையாட்டு சப்பென்று போய்விடும். இரண்டுக்கும் வேறு வேறு மருந்து.

முதல் சண்டை விதியைப் பற்றியதே இல்லை, கீபோர்டைப் பற்றியது. இரண்டு பேர் ஒரே கீபோர்டில், ஒருவர் இடப்பக்க எழுத்துகளில், மற்றவர் அம்புக்குறிகளில். "அண்ணா, நான் அமத்தினனான், போகேல்ல" என்று ஒருவன் சொல்லிக்கொண்டே இருந்தான். தோற்கிறவன் எல்லாரும் சொல்லும் வசனம் என்பதால் யாரும் கணக்கெடுக்கவில்லை. ஆனால் அவன் சொன்னது சரி.

மலிவான கீபோர்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே மூன்று பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மேல்தாளிலும் கீழ்தாளிலும் வெள்ளிநிறக் கோடுகள் ஓடும், நடுத்தாளில் ஓட்டைகள். விசையை அமத்தினால் குறுக்கே ஓடும் ஒரு கோடும் நெடுக்கே ஓடும் ஒரு கோடும் அந்த ஓட்டை வழியாகத் தொடும். நூற்றுக்கும் மேற்பட்ட விசைகளுக்குத் தனித்தனிக் கம்பி கிடையாது. ஆகவே ஒரு சதுரத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகள் ஒன்றாக அமந்தால், நாலாவது மூலையும் அமந்ததுபோல் தெரியும். இந்தப் பேய் எழுத்து வராமலிருக்க, உள்ளே இருக்கும் சிப் மூன்றாவது விசையையே விழுங்கிவிடும். ஒருவன் இரண்டு அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது எதிராளியின் விசை வேலை செய்யாமல் போவது இதனால்தான். எதிரி ஓடினால் உன் கால் கட்டுப்படும். எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத அளாப்பு.

உங்கள் கீபோர்டைச் சோதிக்க ஒரு சுலபமான வழி: நோட்பேடைத் திறந்து, இரண்டு ஷிஃப்ட் விசைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஆங்கில எழுத்துகள் முழுவதையும் தட்டுங்கள். சில எழுத்துகள் விழாது. தீர்வும் சுலபம். இன்னொரு பழைய யூஎஸ்பி கீபோர்டைக் குத்தினேன். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எண்ணும், ஆனால் கம்பி வலை வேறு வேறு என்பதால் ஒன்றின் விசையை மற்றது விழுங்காது. பப்ஜி மொபைலில் 'ஐபேட் வியூ'வுக்காகச் சண்டை பிடிக்கும் பெடியளுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. கையில் இருக்கும் சாமானே ஒருவனுக்குக் கூடுதல் காட்சி கொடுத்தால் அது திறமையில் சேராது என்பது அவர்களுக்குத் தெரியும்.

கடல்காத்து ஊரில் ஜோய்ஸ்டிக்கும் ஒரு தொல்லை. உள்ளே செம்பு பச்சை பூத்து, தடி நடுவில் நின்றாலும் ஆள் மெதுவாக இடப்பக்கம் நகர்ந்துகொண்டே போகும். கொண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, மென்பொருளில் நடுவட்டத்தை 0.2 வரை (முழு அசைவு 1) 'அசைவில்லை' என்று வைத்தேன். அவ்வளவுதான்.

அடுத்தது ஓட்டக்காரர்களின் வேகம். எல்லாருக்கும் நொடிக்கு 200 பிக்சல் என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் மூலைவாட்டில் ஓடினால் யாராலும் பிடிக்க முடியவில்லை. பக்கவாட்டில் 200, நேராக 200, இரண்டையும் சேர்த்து அமத்தினால் பைதகரஸ் கணக்குப்படி 283. நூற்றுக்கு 41 வேகம் இனாம்! மறிப்பவன் கோட்டை விட்டு விலக முடியாதவன், அவனுக்கு மூலைவாட்டு ஓட்டமே கிடையாது. ஆக இந்த இனாம் ஒரு பக்கத்துக்கு மட்டும். திசையின் நீளத்தை ஒன்றாகக் குறைக்க ஒரே ஒரு வரி போதும். 1990களின் சுடும் விளையாட்டுகளிலும் இதே கணக்கு இருந்தது. டூமில் நேராக ஓடுவதைவிட நேரும் பக்கமும் சேர்த்து ஓடினால் வேகம் கூடும். அங்கே அது ஆட்டக்காரர்களின் கைத்திறனாகவே நிலைத்துவிட்டது, ஏனென்றால் அந்த இனாம் எல்லாருக்கும் பொது. இங்கே பாதிப் பேருக்கு மட்டும் என்பதால் எடுத்தேன்.

அதே காலத்தில் கோட்டுச் சண்டையும் வந்தது. கோட்டைக் கடந்ததும் தொட்டதும் ஒரே கணத்தில் நடந்தால் யாருக்குப் புள்ளி? விளையாட்டு நொடிக்கு 60 தடவை கணக்குப் பார்க்கிறது. கோடோவில் ஆட்களை அடுக்கி வைக்கும் பட்டியலுக்குக் காட்சிமரம் என்று பெயர், அதில் மேலே இருக்கும் ஆளின் கணக்கு முதலில் நடக்கும். மரத்தில் ஓட்டக்காரர் மேலே, மறிப்பவர் கீழே. எனவே சமமான ஒவ்வொரு தருணத்திலும் ஓட்டக்காரருக்கே புள்ளி போய்க்கொண்டிருந்தது. இப்போது முதலில் எல்லாரையும் நகர்த்தி, பிறகு ஒருதடவை தீர்ப்புப் பார்க்கிறது. இனித் தீர்ப்பு என்னவென்று ஆள்தான் முடிவெடுக்க வேண்டும். துடுப்பு கோட்டின்மேல் நின்றால் அவுட், கோட்டைத் தாண்ட வேண்டும் என்பது கிரிக்கெட்டில் எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்தது. அதையே எடுத்தேன். கோட்டில் தொட்டால் அவுட். எதிர்ப்பு வரவில்லை.

டிவி விசயம் இதைவிடச் சுவாரசியம். படத்தை மெருகூட்டும் வேலைகளால் பல டிவிகள் விசை அமத்தியதை ஒரு துளி பிந்தித்தான் காட்டும். அளக்கக் கருவி வாங்கத் தேவையில்லை. போனை நொடிக்கு 240 படம் பிடிக்கும் ஸ்லோ மோசனில் வைத்து, விரலும் திரையும் ஒன்றாகத் தெரிய எடுத்து, விரல் விழுந்ததிலிருந்து ஆள் அசையும்வரை படங்களை எண்ணினால் சரி. 24 படம் என்றால் பத்தில் ஒரு நொடி. எங்கள் டிவி கிட்டத்தட்ட அங்கேதான் நின்றது.

"அது எல்லாருக்கும் பிந்துது தானே, பிறகென்ன?" என்று கேட்டார் பக்கத்துக் கடை அண்ணன். நியாயமான கேள்வி. ஆனால் பிந்தல் பொதுவானாலும் அடி பொதுவில்லை. ஓட்டக்காரன் தானே தொடங்குகிறவன். எப்போது திரும்புவான் என்று அவனுக்கு முன்னமே தெரியும். மறிப்பவன் பார்த்துவிட்டுத்தான் திரும்ப முடியும், பிந்தல் முழுவதும் அவன் கணக்கில்தான் விழுகிறது. டிவியின் மெனுவில் கேம் மோட் என்ற ஒன்று ஒளிந்திருந்தது. அதைப் போட்டதும் படம் கொஞ்சம் சோபை இழந்தது, மறிப்பவர்கள் உயிர் பெற்றார்கள். நிறத்தைத் தொட்டபோதே பின்னணியில் வரைந்திருந்த கோணேசர் மலையையும் மங்கலாக்கினேன். கோட்டையடிப் புள்ளிமான்களை அழகுக்கு நிறுத்தியிருந்தேன். மண்ணிறச் சட்டை போட்ட ஓட்டக்காரன் மானோடு மானாக நின்று மறைவதை ஒருவன் கண்டுபிடித்துவிட்டான். மான்கள் வெளியே.

இதுவரை சொன்னதெல்லாம் யந்திரத்தின் பிழை. இவற்றை யாரிடமும் கேட்காமல் திருத்தலாம், திருத்தவும் வேண்டும். உத்திகளின் பேரில் வரும் முறைப்பாடு வேறு சாதி.

பெடியள் 'தந்தி' என்று பெயர் வைத்த ஓர் உத்தி இருந்தது. கோட்டுக்கு முன்னால் நின்று இடம், வலம், இடம், வலம் என்று விசையைத் தட்டிக்கொண்டே இருப்பது. ஆள் நடுங்குவது போல் தெரியும். மறிப்பவனுக்கு எந்தப் பக்கம் என்றே பிடிபடாது. திடீரென்று ஒரு பக்கம் பாய்ந்துவிடுவான். "அண்ணா, தந்தி அடிக்கக் கூடாதெண்டு சொல்லுங்கோ!" சொல்லலாம். ஆனால் எத்தனை தட்டுக்கு மேல் தந்தி? மூன்றா, நாலா? போக்குக் காட்டுவதுதான் கிளித்தட்டின் உயிரே, அதைத் தடைசெய்தால் மிஞ்சுவது ஓட்டப்பந்தயம். அதோடு அந்தத் தடையைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு நடுவர் வேண்டும். நான் சோல்டரிங் அயனோடு உள்ளே இருப்பவன்.

தரையில் யாரும் ஏன் தந்தி அடிப்பதில்லை? உடம்புக்குப் பாரம் இருக்கிறது. ஓடுகிறவன் திரும்ப வேண்டுமானால் காலை ஊன்றி நின்று திரும்ப வேண்டும். என் ஆட்களுக்குப் பாரம் இல்லை, அதே கணத்தில் திரும்பினார்கள். எனவே திசை மாற்றும் ஒவ்வொரு தடவையும் 0.12 நொடி நிற்க வைத்தேன், நொடிக்கு 60 தடவை பார்க்கும் கணக்கில் ஏறத்தாழ 7 தடவை.

கணக்கு இப்படி. கண்ணால் கண்டு விரலை அசைக்க மனிதனுக்கு ஏறத்தாழ 0.2 நொடி வேண்டும். மறிப்பவனின் வேகமும் நொடிக்கு 200 பிக்சல்தான். ஓட்டக்காரன் சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பினால், மறிப்பவன் விழிக்கும்வரை இருவரும் நொடிக்கு 400 பிக்சல் வீதம் விலகுவார்கள். 0.2 நொடியில் 80 பிக்சல் இடைவெளி. நிற்கும் நேரத்தைச் சேர்த்தால் முதல் 0.12 நொடியில் 24, மீதி 0.08 நொடியில் 32, மொத்தம் 56. மறிப்பவனின் கை நீளம் 22 பிக்சல். ஆகவே சரியான தருணத்தில் காட்டிய ஒரு போக்கு இன்னும் வெல்லும். ஆனால் தந்தி அடிப்பவன் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கிறான், அதற்குள் கிளி நடுக்கோட்டால் வந்து தொட்டுவிடும். இதே கணக்கில் டிவியின் பத்தில் ஒரு நொடிப் பிந்தலைச் சேர்த்துப் பார்த்தால் 56 என்பது 96 ஆகிறது. கேம் மோட் போடாமல் இந்த எண்களைத் தொட்டிருந்தால் எல்லாமே அந்த டிவிக்குச் செய்த சமநிலையாகப் போயிருக்கும்.

ஆட்டக்காரர் முறையிடும்போது நோவு எங்கே என்று சரியாகச் சொல்வார்கள். மருந்து சொல்ல விட்டால் பெரும்பாலும் 'தடைசெய்' என்பார்கள். தடை கடைசி ஆயுதம். 1994இல் வந்த சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ என்ற சண்டை விளையாட்டில் ஒளித்து வைத்திருந்த அகுமா என்ற ஆளைப் போட்டிகளில் தடைசெய்தார்கள். அவர் வானத்திலிருந்து எறியும் தீப்பந்துக்கு மற்ற ஆட்களிடம் பதிலே கிடையாது. அவரை விட்டிருந்தால் எல்லாரும் அவரையே எடுத்திருப்பார்கள், மிச்ச ஆட்களுக்கு வேலையில்லை. அந்த அளவுக்குப் போனால் தடை சரி. அதே தொடரில் அடிமேல் அடியாகக் கோர்க்கும் 'கொம்போ' முதலில் நிரலில் இருந்த ஒரு பிழை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 செய்தவர்கள் அதைக் கண்டும், செய்ய மிகக் கடினமென்று நினைத்து விட்டுவிட்டார்கள். இன்று கொம்போ இல்லாத சண்டை விளையாட்டு அரிது. முறைப்பாடு வந்ததுமே வெட்டுகிறவன் கையில் அது சிக்கியிருந்தால்?

பெரிய சண்டை 'குந்தியிருத்தல்' பற்றியது. ஒரு புள்ளி முன்னால் போன அணி, பெட்டியின் நடுவில் போய் நின்றுவிடும். பெட்டி 160 பிக்சல். நடுக்கோட்டிலும் சுற்றுக்கோட்டிலும் ஓடும் கிளிக்குக் கை 28. இரு பக்கமும் போக நடுவில் 104 பிக்சல் யாரும் தொட முடியாத இடம். நேரம் முடியும்வரை அங்கே குந்தியிருக்கலாம்.

இங்கே கடை இரண்டாகப் பிரிந்தது. "விதியில இருக்குதானே, பிறகென்ன அளாப்பு?" என்று ஒரு கூட்டம். "விதியில இருந்தா எல்லாம் நியாயமே?" என்று மறு கூட்டம். பேச்சு நேரே இலங்கைக் கிரிக்கெட் வீரர் அஞ்சலோ மத்யூஸிடம் போய் நின்றது. 2023 நவம்பர் 6ஆம் திகதி டெல்லியில், உலகக் கிண்ணத்தில், ஹெல்மெட் நாடா அறுந்து அவர் நின்றபோது பங்களாதேஷ் அணி முறையிட்டு, நேரத்துக்குப் பந்தை எதிர்கொள்ளத் தயாராகவில்லை என்ற 'டைம்ட் அவுட்' வாங்கியது. சர்வதேச கிரிக்கெட்டில் அப்படி ஆட்டமிழந்த முதல் ஆள் நம்மவர். விதி தெளிவு, கோபமும் தெளிவு. ஒரு மணித்தியாலம் கத்தினார்கள், கிளித்தட்டை எல்லாரும் மறந்தே போனார்கள்.

என் நிலைப்பாடு, குந்தியிருக்கிறவனில் பிழையில்லை. வெல்ல வழி இருந்தால் ஆட்டக்காரன் எடுப்பான், எடுக்கவும் வேண்டும். வழியை அடைப்பது விளையாட்டைச் செய்தவனின் வேலை. 1950இல் அமெரிக்கக் கூடைப்பந்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நேரம் கடத்தி ஒரு ஆட்டம் 19க்கு 18 என்று முடிந்தது. அந்த ஆட்டக்காரர்களைத் திட்டி ஒன்றும் மாறவில்லை. 1954இல் 24 நொடி மணிக்கூட்டை வைத்தார்கள், மாறியது. தொழில்முறைக் கபடியிலும் பாடிப் போகிறவருக்கு 30 நொடிதான்.

பெட்டிக்கு ஒரு மணிக்கூடு வைக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று தோன்றியது. திரையில் இன்னொரு எண் ஓடும், சின்னாக்கள் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிளி என்ற ஆளே சும்மா நிற்பவனைக் கலைக்கத்தானே இருக்கிறது? அதன் கையை 28இலிருந்து 52க்கு நீட்டிப் பார்த்ததில், நடுக்கோட்டுப் பக்கமாக யாரும் கடக்க முடியாமல் போனது. கிளியும் குறுக்குக்கோட்டு ஆளும் சேர்ந்து கதவைச் சாத்தினார்கள். 44இல் நிறுத்தினேன். பாதுகாப்பான இடம் 72 பிக்சலாகச் சுருங்கியது. நிற்கலாம், ஆனால் கொஞ்சம் அசைந்தாலும் போச்சு.

மாற்றங்களைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதுவது வழக்கம். 'கிளியின் கை நீண்டது', 'திரும்பினால் நிற்க வேண்டும்' என்று. ஒருநாள் 'கிளியின் வேகம் கூடியது' என்று எழுதிவிட்டு ஏற்றப் போகும்போது கரண்ட் போய்விட்டது. வந்த பிறகு மற்ற வேலைகளில் மாட்டிக்கொண்டேன், பழைய பதிப்புத்தான் ஓடியது. பின்னேரம் முழுக்க "கிளி இப்ப பறக்குது, கூடிப் போச்சு, குறையுங்கோ" என்று மனு. அன்றிலிருந்து ஏற்றிய பிறகுதான் பலகையில் எழுதுகிறேன். சில நாளில் ஏற்றிவிட்டு எழுதாமலும் விடுவேன், யார் கவனிக்கிறார்கள் என்று பார்க்க.

முடிவுகளை ஒரு கோப்பில் தானாக எழுத வைத்தேன். எந்தப் பக்கம், எத்தனை புள்ளி, எந்த இடத்தில் தொடுபட்டது. இதில் அவசரம் கூடாது. இருபது சுற்றில் ஒரு பக்கம் 12, மறுபக்கம் 8 என்றால் "பார்த்தீங்களா" என்பார்கள். நாணயத்தை இருபது தடவை சுண்டினாலும், ஏதாவது ஒரு பக்கம் 12 அல்லது அதற்கு மேல் விழுவது இரண்டுக்கு ஒரு தடவை நடக்கும். அதனால் ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் மாற்றி, கோப்பு நன்றாக நிரம்பும்வரை பலகையைத் தொடாமல் விட்டேன். புள்ளிக் கணக்கைவிட உதவியது தொடுபட்ட இடங்களின் படம். எல்லாரும் ஒரே கோட்டில் சாகிறார்கள் என்றால் அங்கே ஏதோ இருக்கிறது. எங்களுக்கு அது இரண்டாம் கோடாக இருந்தது, ஆளை மாற்றும் பொத்தான் முதலில் அங்கே போய் நிற்பதால். கடைசியாக மறித்த கோட்டிலேயே நிற்கும்படி மாற்றினேன்.

காத்திருந்ததில் ஒரு லாபம் உண்டு. கிளியின் கை 44 ஆனதும் 'கிளி எடுக்கிறவன்தான் வெல்லுவான்' என்று பெரியவர்கள் எல்லாரும் முடிவுகட்டியிருந்தார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, அண்ணனைக் கூட்டிப்போக வந்தவள், தடியைக் கேட்டு வாங்கினாள். கூட்டாளியைச் சுற்றுக்கோட்டுப் பக்கம் குந்தியிருக்கச் சொல்லிவிட்டு, கிளி அவனைத் தொடச் சுற்றி வர, தான் நடுக்கோட்டை ஒட்டி இரண்டு கோட்டைக் கடந்தாள். குந்தியிருத்தலே தூண்டிலாகிவிட்டது. ஓடுகிற இருவர் சேர்ந்து திட்டம் போட்டால் தனியாக ஓடும் கிளிக்கு இரண்டு இடத்தில் இருக்க முடியாது. இதை எந்த எண்ணிலும் நான் எழுதவில்லை.

இப்போது அண்ணன்மார் கிளியின் கையைக் குறைக்கச் சொல்லவில்லை, கூட்டச் சொல்கிறார்கள். 44 அப்படியே நிற்கிறது, தைப்பொங்கல் லீவு முடியும்வரை தொடுவதாக இல்லை. அதற்கு முன் பார்க்க வேண்டியது இன்னொன்று. இரண்டாவதாக ஓடுகிற அணிக்கு எத்தனை புள்ளி வேண்டும் என்று முன்னமே தெரியும், அந்த லாபம் கோப்பில் தெரியத் தொடங்கியிருக்கிறது. 90 நொடியை 45ஆகப் பிரித்து, நாலு துண்டாகப் பக்கம் மாற்றி மாற்றிப் பார்க்கப் போகிறேன்.